சோற்றுக்குத் தட்டிய தகரம்

கொரோனா அடங்கிய பிறகு எங்கள் மாரியம்மன் கோயில் தேரை மறுபடியும் வெளியே இழுத்தார்கள். ஈஜோக் சாலை வளைவில் அதன் சக்கரம் சேற்றில் இறங்கி, அம்மன் ஒரு பக்கம் சாய்ந்தபடி அரை நாள் மழையில் நின்றாள். நான் சொல்லப்போவது அந்த வருஷத்துக் கதை. தேர் சாய்ந்ததற்கு முந்தியா பிந்தியா என்று எனக்கும் என் வீட்டுக்காரி பாக்கியத்துக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. முந்திதான் என்கிறாள் அவள். தேர்க் கயிறு அறுத்த வலது கையோடு நான் மீன் குளத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உப்புத் தண்ணீர் தெறித்து எரிந்தது. ஆகவே பிந்திதான். அந்தக் கை எரியாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த மீன் பண்ணைக்கு வந்து, இப்போது அங்கே வேலை செய்யும் உங்களோடு டீ குடித்தேன் அல்லவா, அப்போது உங்களில் ஒருவர் கேட்டீர்கள். கொட்டகை ஆணியில் நெளிந்த பிஸ்கட் தகரம் ஒன்று சும்மா தொங்குகிறதே, எடுத்துச் சுண்ணாம்பு அள்ளலாமா என்று. இன்னொருவர், மூன்றாம் குளத்து மீன்கள் எல்லா ஓரத்துக்கும் வருகின்றன, பம்பு வீட்டு மூலைக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்று கேட்டீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஐஸ் லோரி வந்துவிட்டது, நீங்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டீர்கள். நானும் அவசரத்தில் சொல்லக்கூடிய ஆள் இல்லை. இப்போது மெதுவாகச் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. போனேன், இரண்டு வருஷம். அதில் பாதி நாள் மழை. பிறகு தோட்டத்தில் ரப்பர் மரம், பிறகு எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. தோட்டம் கைமாறிய பிறகு கோலா சிலாங்கூர் ஆற்றோரம் வந்து மீன் பண்ணை முதலாளி தவுக்கேயிடம் சேர்ந்தேன். தவுக்கே சீனர்தான். ஆனால் அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் அவருக்குத் தமிழ் வரும். கடையில் கற்ற தமிழ். மரியாதை, மட்டு எதுவும் அதில் கிடையாது, ஆனால் பொய்யும் கிடையாது. மீனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று முதல் நாள் கேட்டார். திங்கத் தெரியும் என்றேன். சிரித்தார். வேலை கொடுத்தார்.

தகரம் என்னுடைய யோசனை. பெரிய சதுர பிஸ்கட் தகரம், காய்ந்த செம்பனை மட்டையில் ஒரு துண்டு. தீனி போடுவதற்கு முன்னால் பம்பு வீட்டு மூலையில் நின்று மூன்று தட்டு. ஒரு மாதத்தில் மீன்கள் பழகிவிட்டன. மூன்றாவது தட்டு விழும் முன்னே தண்ணீர் மூலையை நோக்கி நெளிந்து வரும். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால் தவுக்கே என்னைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்வார். "பாத்தியா, என் முத்து கூப்புட்டா மீனு வரும்" என்பார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நான் கூப்பிட்டால் மனுஷர் யாரும் வராத வயது அது.

மூன்றாம் குளத்தில் இருந்தவை தாய் மீன்கள். கொடுவா, நாம் இங்கே சியாக்காப் என்போமே, அது. மொத்தம் பதினான்கு. விரலளவு இருந்தபோது நான் வாளியில் கொண்டு வந்து விட்டவை. அந்தப் பதினான்கு முட்டையிட்டால்தான் மற்ற ஆறு குளங்களுக்கும் குஞ்சு. கொடுவாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கதைக்கு அது தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அது சின்ன வயதில் ஆண். வயது ஏறி உடம்பு பெருத்ததும் பெண்ணாகிவிடும். முதலில் அப்பன், பிறகு அம்மா. இதைக் கேட்ட நாள் முழுக்க நான் குளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே பிறவியில் இரண்டு பக்கமும் பார்த்த கண் அல்லவா அவற்றின் கண்? வெயில் சாய்ந்து பட்டால் அந்தக் கண் செம்பு போல் மின்னும்.

அவற்றில் வாலில் ஒரு துண்டு குறைந்த பெரியவள் ஒருத்தி. நான் அவளைக் கிழவி என்பேன். தகரச் சத்தத்துக்கு எப்போதும் முதலில் வருபவள் அவள்தான். மற்றவை அவள் பின்னால் வரும்.

அந்த வருஷந்தான் பத்தாங் காலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். யுனிவர்சிட்டியில் மீனுடைய பசியைப் பற்றிப் படிக்கிறாளாம். பேரை நான் சொல்லப்போவதில்லை, அவள் கூச்சப்படுவாள். பசியைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது, பசித்தால் தெரிந்துவிடுமே என்று கேட்டேன்.

"ஒங்களுக்குப் பசிக்குதுன்னு ஒங்களுக்கு யாரு சொல்றா, அங்கிள்?"

"வயிறு சொல்லுது."

"அதான். மீனுக்கும் அப்படித்தான். வயிறு காலியானா அதுலேர்ந்து ஒரு ஹார்மோன் கெளம்பி, ரத்தத்துல ஏறி, மூளைக்குப் போயி 'பசி'ன்னு சொல்லும். சாப்ட்டு முடிஞ்சா கொடல்லேர்ந்து இன்னொன்னு போயி 'போதும்'னு சொல்லும். ரெண்டும் மாறி மாறிப் போயிட்டு வரும்."

"ரெண்டு தபால்காரன் மாதிரி."

"ஆமா. ஆனா மூணாவதா ஒருத்தன் இருக்கான். பயம். மீனு பயந்தா அவன் வருவான். அவன் வந்துட்டா பசி சொல்றவன் பேச்சு எடுபடாது."

"தோட்டத்துல வேல வாங்குற பெரிய மண்டோர் வந்தா லயத்து வீடுங்கள்ல எல்லாரும் வாய மூடிக்கிற மாதிரியா?"

அவள் சிரித்து, அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒருவர் எழுதியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அவளுக்கு மீனுடைய ரத்தம் வேண்டும். கொஞ்சம்தான். எடுத்துவிட்டு மீனைத் திரும்ப விட்டுவிடுவாள். ஆனால் ஒரு சங்கடம். வலையோடு குளத்தில் இறங்கித் துரத்தினால் பிடிப்பதற்குள் பயம் ரத்தத்தில் ஏறிவிடும். பிறகு பசியை அளக்க வந்தவள் பயத்தைத்தான் அளந்துகொண்டு போக வேண்டும். சட்டென்று, மீனுக்கே தெரியாமல் பிடிக்க வேண்டும். எப்படி என்று தெரியாமல் கரையில் நின்று நகத்தைக் கடித்தாள்.

அப்போது நான் சொன்னேன், யாரும் என்னைக் கேட்கவில்லை. "இதுக்காம்மா கவலப்படுற? நான் தகரத்தத் தட்டுறேன், மூலைக்கு வரும். மேல வலயப் போட்டு அள்ளிடலாம்."

பிள்ளைகளே, என் முப்பது வருஷ வேலையில் மருந்து மாற்றிப் போட்டிருக்கிறேன். பம்பை நிறுத்த மறந்து வாய்க்காலை உடைத்திருக்கிறேன். அவையெல்லாம் தப்பு என்று அன்றைக்கே தெரிந்த தப்புகள். இதைச் செய்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். மூன்று தட்டு, கிழவி முதலில் வந்தாள், வலை விழுந்தது, அவளைத்தான் முதலில் அள்ளினோம். தவுக்கே என் முதுகில் தட்டினார். அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி. அதற்குப் பிறகு மறுபடி. நாலாவது தடவை தட்டியபோது மூன்றே மீன் வந்தன. மழை, தண்ணீர் கலங்கல், அதனால் என்று நினைத்தேன். அந்த வாரத்திலிருந்து தீனிக்குத் தட்டினாலும் வரவில்லை. போட்ட மீன் துண்டு அப்படியே அடியில் வெள்ளையாய்க் கிடந்தது. அள்ளி வெளியே போட்டேன். மறுநாளும் அள்ளினேன்.

சாப்பிடாத மீனைப் பார்ப்பது ஒரு மாதிரி. அது அழுவதில்லை, முனகுவதில்லை. தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கும். ஆற்றங்கரை மரங்கள் தலைகீழாய் அதில் தெரியும், மேகம் போகும், பருந்து ஒன்று வட்டம் போடும். பார்க்கிறவனுக்கு எல்லாம் அமைதியாய் இருப்பதாகத் தோன்றும்.

நாங்கள் எதையெல்லாமோ சந்தேகப்பட்டோம். தண்ணீரைச் சோதித்தோம், நன்றாக இருந்தது. தீனியை மாற்றினோம். நீர்நாய் வந்து மிரட்டுகிறது என்று சொன்னார்கள். இரண்டு நாள் வேலி கட்டினோம். நீர்நாய் வந்தது உண்மைதான், நாங்கள் கட்டிய வேலி மேல் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தவுக்கே ஊதுவத்தி கொளுத்தினார். பாக்கியம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கொடுத்தாள், பம்பு வீட்டில் கட்டினேன். மீன் வராததால் நான் பலமாகத் தட்டினேன். மூன்று தட்டு பத்தாயிற்று, இருபதாயிற்று. தகரம் நெளிந்தது அப்போதுதான்.

எனக்கும் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தால் பாக்கியம் விடுவாளா?

"மீனு திங்கலன்னா நீங்க ஏன் பட்டினி? ரெண்டு பேருக்கும் ஒரே வயிறா?"

"பசியில்ல, பாக்கியம்."

"நாப்பது வருசமா நான் கூப்புட்டு ஒரு நாளாச்சும் நேரத்துக்கு வந்திருக்கீங்களா? மீனு வரலன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு. தெரியுதா இப்ப, ஆக்கி வச்சிட்டு ஒக்காந்திருக்கிறது எப்படி இருக்கும்னு?"

தட்டைத் திரும்ப இழுத்தேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டு இரண்டு வாய் விழுங்கினேன்.

சனிக்கிழமை தவுக்கே குளத்தோரம் வந்தார். அடியில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார், "முத்து, இது இனிமே முட்டை போடாது லா. எளச்சிப் போவுது. அடுத்த சனிக்கெழம காலையில லோரி வரும். கிள்ளான் ரெஸ்டோரண்ட்டு. உசுரோட எடுத்துக்குவான்."

"எல்லாமா?"

"தின்னாத மீனு எதுக்கு? ஒரு வாரம். நீ தின்ன வையி. தின்னா லோரி சும்மா போவட்டும்."

அதற்கு மறுநாள்தான் தேர். கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருவன், இந்த வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள், வேண்டுதல். எதற்கு வேண்டியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். சக்கரம் இறங்கியதும் கயிறு உருவி, என் வலது உள்ளங்கைத் தோலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் கையில் துணி சுற்றியபடி பம்பு வீட்டு மூலைக்குப் போனேன். மட்டையைப் பிடிக்க முடியவில்லை. தகரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். மழை விட்ட வெயில். தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பி என் முகத்தில் பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, கண் சொக்கியிருக்க வேண்டும். விழித்தபோது குளத்தின் நடுவில் ஒரு நிழல் சாய்ந்து போனது. பிறகு இன்னொன்று. செம்புக் கண் ஒன்று மேலே வந்து, திரும்பி, இறங்கியது. அவை என் பக்கம் வரவில்லை. ஆனால் உலவின. வாரக்கணக்கில் அடியில் கல்லாய்க் கிடந்தவை கோயில் பிரகாரம் சுற்றுவது போல மெதுவாய் உலவின. கிழவியின் குறைந்த வாலைப் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்கு மூச்சு நின்றது.

இடது கையால் மட்டையை எடுத்தேன். பழக்கம். நல்லது நடந்தால் தட்டுவது. ஒரே ஒரு தட்டுத்தான், அதுவும் சரியாக விழவில்லை.

குளம் காலியாகிவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு கை துடைத்தது போல. மேலே ஒரு வளையம் மட்டும் விரிந்து கரையில் வந்து முட்டியது.

அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தண்டவாளத் துண்டு ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூட்ட ஒரு மாதிரி அடிப்பார்கள். அரிசி, மாவு, பண்டிகைச் சாமான் கொடுக்க வேறு மாதிரி, விட்டு விட்டு அடிப்பார்கள். அந்த அடி கேட்டால் லயத்துப் பெண்கள் பாத்திரத்தோடு ஓடுவார்கள். ஒரு நாள் பொழுது சாயும்போது விட்டு விட்டு அடித்தது. நாங்கள் எல்லோரும் சட்டி, வாளி எடுத்துக்கொண்டு போனோம். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி ஒரு காகிதத்தைப் படித்தார். தோட்டம் விற்றாகிவிட்டது, லயத்தைக் காலி பண்ண வேண்டும் என்று. வேறு எப்படி அடித்தாலும் எல்லோரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் அப்பா வெறும் வாளியோடு திரும்பி நடந்தார். அந்த வாளியின் கைப்பிடி கிறீச் கிறீச்சென்று வழி முழுக்கச் சத்தம் போட்டது. அந்த லயத்தை விட்டு வந்த பிறகும், சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் எங்காவது இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டால் அப்பா கையை உதறி எழுந்துவிடுவார். "பசி போயிருச்சு" என்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

நான் என்ன செய்திருக்கிறேன் என்று அந்தக் கரையில் உட்கார்ந்து விளங்கிக்கொண்டேன். சோற்றுக்குக் கூப்பிட்ட சத்தத்தால் வலைக்கும் கூப்பிட்டிருக்கிறேன். யார் அதிகம் நம்பினார்களோ அவர்களை முதலில் அள்ளியிருக்கிறேன். பிறகு சாப்பிடவில்லையே என்று ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தச் சத்தத்தையே போட்டு, ஆறப்போன பயத்தைக் கிண்டிக் கிண்டி விட்டிருக்கிறேன்.

சாயங்காலம் தவுக்கே முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணும் இருந்தாள், மறுநாள் ரத்தம் எடுக்க ஐஸ் பெட்டியோடு வந்திருந்தாள். தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ தட்டுனா வந்த மீனு. இப்ப நீ தட்டுனா ஓடுதா?"

"ஆமா தவுக்கே."

"வா. தட்டிக் காட்டு. நான் கண்ணுல பாக்கணும்."

இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த இடம். கையோடு கொண்டு போயிருந்த தகரம் என் காலடியில் கிடந்தது. எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், நான் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். தட்டாவிட்டால், கிழட்டு முத்து தன் குறையை மறைக்கக் கதை கட்டுகிறான் என்று ஆகும். ஆனால் சனிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அன்று மத்தியானம் நான் தட்டிய ஒரு தட்டே எத்தனை நாளைத் தின்றிருக்குமோ.

"தட்ட மாட்டேன், தவுக்கே."

"என்னா?"

"என்னய நம்புனா நம்புங்க. இல்லாட்டி வேலைய விட்டு அனுப்புங்க. இன்னொரு தட்டு விழுந்தா சனிக்கெழம ஒன்னும் திங்காது."

தவுக்கே அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சீனத்தில் ஏதோ சொன்னார், மலாயில் சொன்னார், கடைசியில் தமிழில் சொன்னார், "எல்லாம் என் தப்பு லா, தகரம் தட்டுறவன நம்பி மீனு வளத்தது." சரியான வார்த்தைதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண் அதுவரை ஐஸ் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தவுக்கே, அங்கிள் சொல்றது சரியா இருக்கலாம்" என்றாள். "கடைசி ரெண்டு தடவ எடுத்த ரத்தத்துல பயத்தோட ஹார்மோன் ஜாஸ்தி. நான் வலையால வந்ததுன்னு நெனச்சேன். வலை விழுறதுக்கு முன்னாடியே ஏறியிருக்கும். தகரத்துக்கே."

"நீயும் சேந்துக்கிட்டியா? நாளைக்கி ரத்தம் எடுக்கணும்னு சொன்ன?"

"எடுக்கல."

"அப்ப படிப்பு?"

அவள் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "பாக்கலாம் லா" என்றாள். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள். அவள் குனிந்து வைத்த விதத்தில் அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்தது. பெட்டியில் ஐஸைத் தவிர ஒன்றுமில்லை. என்னை விட நாற்பது வயது இளையவள். இழக்கத் தெரிந்த ஆளின் பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் அன்றைக்குக் கற்றேன்.

அந்த ஐந்து நாள் எனக்கு இன்னும் கனவு போலத்தான் இருக்கிறது. பம்பு வீட்டு மூலைக்குப் போகவே இல்லை. எதிர்க்கரையில், ஆற்றைப் பார்த்த பக்கம், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்வேன். யாரும் அந்தப் பக்கம் பேசக் கூடாது, வாளி வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒரே ஒரு துண்டு மீனைக் கையை நனைத்துத் தண்ணீருக்குள் விடுவேன். அது இலை போல ஆடி ஆடி இறங்கும். அவ்வளவுதான் வேலை. ஒன்றும் செய்யாமல் இருப்பதை வேலையாய்ச் செய்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கை தானாகத் தேடும். வாய் எதையாவது சொல்லப் பார்க்கும்.

செவ்வாய், துண்டு அப்படியே கிடந்தது. புதன், அப்படியே. தண்ணீரைப் பார்த்துப் பார்த்து, எது மேலே எது கீழே என்று மறந்துவிடும். வெள்ளைக் கொக்கு ஒன்று பறந்தால் அது குளத்துக்கு அடியில் பறக்கும். அப்பா வாளியோடு அந்தப் பக்கம் நடந்து போவது போல ஒரு முறை தோன்றியது, கைப்பிடி சத்தமே இல்லாமல். வியாழன், ஒரு துண்டு காணவில்லை. நண்டு தின்றிருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளி, ஒரு நிழல் துண்டின் கிட்டே வந்து, நின்று, போய்விட்டது. வீட்டுக்குப் போனதும் பாக்கியம் தட்டை வைத்தாள். கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தேன். அவள் கத்தரிக்காயை இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

சனிக்கிழமை காலை லோரி வந்துவிட்டது. பெரிய தொட்டிகள், அவற்றில் காற்று விடும் குழாய் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. தவுக்கே டிரைவரிடம் ஏதோ சொல்லி அந்தக் காற்றை அடைக்கச் சொன்னார். என்னிடம் பேசவில்லை, ஆனால் அடைக்கச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எனக்குப் பின்னால் குந்தினார். அந்தப் பெண்ணும் விடிகாலையிலேயே பத்தாங் காலியிலிருந்து கிளம்பி வந்திருந்தாள்.

துண்டை விட்டேன். இறங்கியது. ஒன்றுமில்லை. இரண்டாவது துண்டு. தவுக்கேயின் முழங்கால் எலும்பு சொடுக்கியது, அவ்வளவு அமைதி.

உங்களுக்குத் தெரியும், கொடுவா இரையை வாயைத் திறந்து கவ்வாது, உறிஞ்சும். உறிஞ்சி வாயை மூடும்போது தண்ணீருக்குள் ஒரு சத்தம் வரும். 'தொக்'. வெற்றிலைப் பெட்டியை மூடுவது போல. தினம் ஆயிரம் தடவை கேட்டு, காதில் விழாமலே போன சத்தம் அது.

தொக்.

யாரும் அசையவில்லை. மூன்றாவது துண்டு இறங்கும் முன்னே இன்னொரு தொக். பிறகு வேறொரு பக்கத்தில். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனை தொக் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். தவுக்கே எழுந்து வெறுங்காலோடு பண்ணை வாசலுக்குப் போனார். டிரைவருக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கிழவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுவாரமும் இல்லை. இளைத்துத் தலை பெரிதாய்த் தெரிந்தது. இவளை மட்டுமாவது விற்றுவிடலாமா என்று தவுக்கே கேட்டார், கோபமாக இல்லை, என்னைத்தான் கேட்டார். இருக்கட்டும் என்றேன். தேர் சாய்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, மற்றவை தின்று கலைந்த நேரத்தில், கடைசியாய்க் கிடந்த ஒரு துண்டை வந்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் அதற்குப் பிறகு என்றைக்கும் முதலில் வந்ததில்லை. பம்பு வீட்டு மூலைக்கு வந்ததே இல்லை. ஆனால் அடுத்த மழைக்கு முட்டையிட்டாள். இப்போது உங்கள் ஆறு குளத்திலும் இருப்பவை அந்த மூன்றாம் குளத்துப் பிள்ளைகள்தான்.

அந்தப் பெண் படிப்பை ஒரு வருஷம் தள்ளி முடித்தாள். தகரம் இல்லாத வேறு குளத்தில் ரத்தம் எடுத்தாள். போன தீபாவளிக்கு முறுக்கோடு வந்தாள். மூன்றாம் குளத்தில் பிறகு விட்ட இளசுகளும் அந்த மூலைக்குப் போவதில்லையே, அவை தகரத்தைக் கேட்டதே கிடையாதே, இது எந்த ஹார்மோன் என்று கேட்டேன். பெரியவற்றின் பின்னால் போய்ப் பழகியிருக்கும், சரியாய் இன்னும் தெரியாது, பார்க்க வேண்டும் அங்கிள் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது.

ஆகையால் அந்தத் தகரம் அங்கேயே தொங்கட்டும். சுண்ணாம்பு அள்ள வேறு எத்தனையோ இருக்கிறது. வலை போடும் நாளில் வலை போடுங்கள், அது நம் தொழில், அதில் பாவம் ஒன்றும் இல்லை. மீன் ஓடும், துரத்துங்கள், நீங்களும் மீனும் களைத்துப் போவீர்கள், அது நியாயமான ஓட்டம். ஆனால் தீனிக்கு அழைக்கும் சத்தத்தால் வலைக்கு அழைக்காதீர்கள், வாயால் விசிலடித்தாலும் சரி, கை தட்டினாலும் சரி. எந்த மீனாவது சாப்பிடவில்லை என்றால், அதற்கு என்ன கொடுக்கலாம் என்று ஓடுவதற்கு முன்னால், அதற்கு நாம் என்ன செய்தோம் என்று ஒரு மத்தியானம் கரையில் உட்கார்ந்து பாருங்கள்.

நீங்களும் ஒரு நாள் வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள். உங்கள் இடத்துக்குப் புதிதாய் ஒருவர் வருவார். கொட்டகையில் அந்தத் தகரத்தைப் பார்த்ததும் அவர் கை சும்மா இராது, ஒரு தட்டாவது தட்டிப் பார்க்கத் தோன்றும். கிழவி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், அவளுக்குக் கேட்கும். அவர் கை அதில் படுவதற்கு முன்னால், அவசரம் இல்லாத ஒரு நேரம் பார்த்து, அவரை உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.